பல்லுக்கும் புருவத்துக்கும் நடுவே

ஒரு புருவத்தை எடுத்து முடித்ததும் பேராச்சி அக்கா பின்னால் சாய்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, தன் வேலையை ஒரு தடவை பார்ப்பாள். அந்தப் பார்லருக்கு நான் மருதாணி போட வந்த காலத்திலிருந்து பார்த்துவருகிற பழக்கம் அது. ஆரம்பத்தில் கழுத்தை மட்டும் பின்னால் இழுப்பாள். சில வருடங்களில் இடுப்பும் சேர்ந்து சாய்ந்தது. பிறகு ஓர் எட்டு பின்னால் வைக்க ஆரம்பித்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு நாள் வாசல் திரைவரை போய்விட்டாள். ஈரத் திரை முதுகில் ஒட்ட, அங்கிருந்து நாற்காலியில் இருந்தவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, எடுத்த லட்சணத்தப் பாத்துட்டு ஓடப் போறியளா?" என்று நாற்காலியிலிருந்து கேட்டாள் அந்தப் பெண்.

எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். ஆனால் அடுத்த புருவத்தைத் தொடுமுன் டியூப்லைட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள்.

தாராவியில் எங்கள் சந்துக்குள், கல்லி என்போம், வெயில் இறங்காது. மாடி அறைகளின் இரும்பு ஏணிகளும் தகரச் சாய்ப்புகளும் வானத்தை மறைத்துவிடும். நடுப்பகலிலும் டியூப்லைட் எரிந்தாக வேண்டும். அங்கே ஒரு தரைத்தள அறையின் முன்பாதிதான் கீதா பியூட்டி பார்லர். பின்பாதி அக்காவின் வீடு. கீதா அவளுடைய ஒரே மகள், மாட்டுங்காவில் காலேஜ் படிக்கிறாள். வீட்டுக்காரர் பூதத்தான் அண்ணன், அணுசக்தி நகர் ஆட்களை ஏற்றிப் போகும் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார்.

அக்காவுக்குப் பிறந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் செம்பூரில் ஒரு மராட்டிக்கார அம்மாளின் பார்லரில் தரை பெருக்கப் போனாள். விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டே அந்த அம்மாள் நூல் போடுவதைக் கவனித்துவந்து, வீட்டில் தன் கெண்டைக்காலிலேயே பழகிப் பார்த்தாள். கால் முழுக்கச் சிவந்து தடித்திருந்ததைப் பார்த்த அண்ணன், கொசுக்கடி என்று நினைத்து வலை வாங்கி வந்தாராம். கை பழகியதும் அந்த அம்மாளே அவளை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். கீதா பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அக்கா தன் சொந்த வாசலில் போர்டு மாட்டினாள்.

நான் செய்வது மருதாணியும் வாக்ஸும்தான். புருவத்தைத் தொட மாட்டேன். மார்க்கத்தில் அது ஆகாது என்று என் உம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் புருவத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அக்காவின் கைக்குத்தான். நான் மூலையில் உட்கார்ந்து மருதாணிக் கூம்பு சுற்றிக்கொண்டு பார்த்திருப்பேன்.

நூல் போடுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். மீதியை இரண்டு கையிலும் பிடித்து நடுவில் முறுக்க வேண்டும். அந்த முறுக்கு கத்தரிபோலத் திறந்து மூடும்போது முடி வேரோடு வரும். வந்தவள் தன் இமைத்தோலைத் தானே விரலால் இழுத்துப் பிடித்திருப்பாள். இழுக்கிற பலம் கையில் பாதி, கழுத்தில் பாதி. அதனால் அக்காவின் பல்லுக்கும் எதிரில் இருக்கிற புருவத்துக்கும் நடுவே ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இடம் இருக்கும். வயதானவர்கள் கண் தெரியாவிட்டால் பேப்பரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கிறார்கள். அக்கா அப்படித் தள்ளிப் பிடிக்க முடியாது. தள்ளினால் நூல் தொய்யும், தொய்ந்தால் முடி வராது, தோல்தான் வரும்.

கீதா ஒரு பியூட்டிஷியன் கோர்ஸில் பார்த்துவிட்டு வந்து, இப்போதெல்லாம் நூலைக் கழுத்தில் கட்டிக்கொள்கிறார்கள், பல்லில் கடிப்பதில்லை என்று சொன்னாள். அக்கா கட்டிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் தள்ளி நின்றது உண்மைதான். ஆனால் அத்தனை வருடப் பழக்கம் கழுத்துக்கு அடங்கவில்லை. நூல் இரண்டு தடவை அறுந்தது. அவிழ்த்து எறிந்துவிட்டாள்.

முதலில் அவள் பழியை வெளிச்சத்தின்மேல் போட்டாள். டியூப்பை மாற்றினாள். இன்னொரு டியூப் சேர்த்தாள். பிறகு கீதா ஃபோனில் படம் எடுக்க வைத்திருந்த வட்ட லைட்டைக் கொண்டுவந்து நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினாள். வந்தவர்கள், ரீல்ஸில் எங்களைப் போடப் போகிறீர்களா என்று கேட்டுத் துப்பட்டாவைச் சரி செய்துகொண்டார்கள். ஒவ்வொரு புது வெளிச்சத்திலும் கொஞ்ச நாள் நன்றாகத் தெரிந்தது. பிறகு பழையபடி. அடுத்து நூலின்மேல் சந்தேகம் வந்தது. ஒரு கம்பெனி நூலை விட்டு இன்னொன்று வாங்கினாள். கடைசியில் வருகிறவர்களையே குறை சொன்னாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புருவ முடியே பூனை முடியாக இருக்கிறது என்று.

மேல் உதட்டு முடிதான் அவளை முதலில் ஏமாற்றியது. எடுத்துவிட்டதாக நினைப்பாள், வந்தவள் கண்ணாடியில் பார்த்து இன்னும் இருக்கிறதே என்பாள். மாலையில் கண் சிவந்திருக்கும். நெற்றிப்பொட்டில் வலி என்று தைலம் தேய்த்துக்கொள்வாள்.

ஒரு கண்ணாடி போட்டுப் பார்க்கலாமே என்று நான் ஒரே ஒரு தடவை சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் கூம்பு சுற்றப் போய்விட்டேன். காரணமும் எனக்குத் தெரியும்.

அடுத்த கல்லியில் மீனாட்சியம்மாள் என்பவர் ரொம்ப நாளாகப் பார்லர் வைத்திருக்கிறார். எங்கள் அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் கண்ணாடி போட ஆரம்பித்த வருடம், அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் ஒரு பேச்சு பேசினாள்: "கண்ணாடிக்காரி கையில மூஞ்சியக் குடுத்தியன்னா, அவ எடுக்கது புருவமா இமையான்னு அவளுக்கே தெரியாது." சிரிப்பாகச் சொன்னதுதான். ஆனால் அந்தப் பேச்சு கல்லி கல்லியாகப் போயிற்று. குழாயடியில் சொன்னார்கள், ரயிலில் லேடீஸ் டப்பாவில் சொன்னார்கள். மீனாட்சியம்மாளிடம் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக இங்கே வந்தார்கள். அந்த அம்மாள் பிறகு பெரும்பாலும் ஃபேஷியலும் தலைக்குச் சாயமும்தான் செய்துவந்தார். இப்போது அக்கா கண்ணாடி போட்டால் அதே பேச்சு அவள் வாசலுக்குத் திரும்பி வரும்.

பூதத்தான் அண்ணனுக்கு இது எதுவும் கவலையில்லை. ரயில்வே பாலத்தில் விற்கிற படிப்புக் கண்ணாடி ஒன்றைச் சட்டைப் பையில் செருகிவைத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"ஏட்டி, இதப் போட்டுப் பாரு. ஹீரோயின் மாதிரி இருப்ப."

"போட்டவொடனே கெழவின்னு நீங்கதான் முதல்ல சொல்லுவிய."

"சொல்ல மாட்டேன். சொல்லி ரொம்ப நாளாச்சு."

அவள் துண்டை அவர்மேல் எறிந்தாள். கண்ணாடியைத் தொடவில்லை. ஒரு தடவை போட்டுவிட்டால் கண் அதற்கே பழகிவிடும், நம்பர் ஏறிக்கொண்டே போகும் என்று அவள் நம்பினாள். அவள் மட்டுமல்ல, எங்கள் கல்லியில் எல்லாரும் அப்படித்தான் நம்பினோம்.

அதனால் கண்ணாடி இல்லாமலே கண்ணைத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்தாள். ஃபோன் பார்ப்பதால்தான் என்று ஒருத்தி சொன்னாள். ஃபோனை விட்டாள். கேரட் தின்றாள், முருங்கைக்கீரை தின்றாள், படுக்கும்போது இமையில் விளக்கெண்ணெய் தடவினாள். வீடியோவில் பார்த்துக் கண்ணை மேலும் கீழும் உருட்டினாள். பெருவிரலை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தும் தள்ளியும் பார்த்தாள். யாரும் இல்லாத நேரத்தில், நாற்காலியில் அவளே உட்கார்ந்து, சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் இதைச் செய்வாள். ஒன்றும் மாறவில்லை.

அப்புறம் கண்ணாடியே வேண்டாமல் செய்கிற சொட்டு மருந்து வரப்போகிறது என்று யாரோ ஃபோனில் ஒரு வீடியோ அனுப்பினார்கள். அக்கா அதை மெடிக்கல் கடைக்காரனிடம் காட்டிக் கேட்டாள். அது இன்னும் வரவில்லை, அதுவரைக்கும் இதைப் போடுங்கள், கண் சிவப்பு போகும், எரிச்சல் போகும் என்று அவன் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தான். டாக்டர் சீட்டு கேட்கவில்லை, பில்லும் தரவில்லை.

அதில் என்ன போட்டிருக்கிறது என்று படிக்கச் சொல்லி அக்கா என்னிடம் தந்தாள். பொடி எழுத்து, அதுவும் இங்கிலீஷ். எனக்குத் தமிழ்தான் வரும். கீதாவிடம் காட்டலாம் என்றேன். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்று அக்கா குப்பியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். என் கண்ணிலும் ஒரு சொட்டு விட்டாள். தொண்டைவரை கசந்தது. நான் மறுபடி போடவில்லை.

அவளுக்கு அது ஒத்துப்போனது. அதுதான் கேடாயிற்று. மறுநாளே கண் வெள்ளைவெளேர் என்று ஆனது. மாலை எரிச்சல் நின்றது. "பாரு சஃபீனா, கொமரிப் புள்ள கண்ணு மாதிரி இருக்கு" என்று இமையை விரித்துக் காட்டினாள். சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. முடி தெரியாதபோதும், மருந்து இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். குப்பி தீர்ந்ததும் அடுத்த குப்பி வாங்கினாள்.

வந்தனா என்று ஒரு மராட்டிப் பெண், செம்பூரில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் நிற்கிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அக்காவிடம்தான் வருவாள். அவளுடைய இடது புருவ முனை கொஞ்சம் மெலிந்தே இருக்கும். அங்கே அக்கா கீழ் வரிசையை மட்டும் தொட்டு மேல் வரிசையை விட்டுவிடுவாள். அன்றைக்கும் வழக்கம்போல நூலைக் கடித்தாள், குனிந்தாள், இரண்டு இழுப்பு இழுத்தாள். பின்னால் போய்த் திரையருகே நின்று பார்த்தாள். நான் மூலையிலிருந்து அவள் முகத்தைத்தான் பார்த்தேன். கடித்த நூல் வாயிலிருந்து நழுவித் தொங்கியது.

முனை இல்லை. புருவம் பாதியில் முடிந்துவிட்டிருந்தது. அதற்குக் கீழே இமையில் ஒரு கீறல், அதில் ரத்தம் பொட்டுப்பொட்டாக வந்தது.

வந்தனா கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் அக்கா சமாளித்திருப்பாள்.

"தீதி, ஆப்கோ திக்தா நஹீ க்யா?" என்று மட்டும் கேட்டாள். அக்கா, உங்களுக்குக் கண் தெரியவில்லையா என்று.

அக்கா பென்சிலை எடுத்து, போன முனையை வரைந்துவிட்டாள். கோடு தடித்துப் போயிற்று. வந்தனா அதன்மேல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். அடுத்த வாரம் மீனாட்சியம்மாளின் வாசலில் அவளுடைய செருப்பு கிடந்ததை அக்காவும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களும் இமையைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணால் அக்காவின் நூலையே பார்த்தார்கள். கண்ணைக் கொடுத்துவிட்டுப் பயப்படாமல் இருக்க யாரால் முடியும்? அக்கா மருந்தை அதிகமாக்கினாள். காலையில் ஒரு தடவை போட்டுவந்தது, மத்தியானமும் சாயங்காலமும் ஆயிற்று.

இன்னொன்றும் நான் கவனித்தேன். ஸ்டூலில் இடது பக்கம் வைத்த டீ கிளாஸை அடிக்கடி தட்டிவிட்டாள். இடது பக்கமிருந்து யாராவது திரையை விலக்கிக்கொண்டு வந்தால் திடுக்கிட்டாள். கவலையில் நினைவு எங்கோ இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்படியே மறு மழைக்காலமும் வந்து போயிற்று. கணபதி விழா முடிந்த கையோடு, பஸ் கம்பெனிக்காரர்கள் செம்பூர் ஷெட்டில் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை வைத்தார்கள். வருடா வருடம் வைப்பதுதான். அந்தத் தடவை வீட்டு ஆட்களையும் கூட்டிவரலாம் என்றார்கள். அண்ணன் வற்புறுத்தினார். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே தனியாக நிற்க மாட்டேன் என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

வரிசையில் ஒரு பெண் அட்டையைக் கையில் தந்தாள். அக்கா அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். கிட்டே பிடிக்கச் சொன்னாள் அந்தப் பெண். கிட்டே பிடித்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று அக்கா முதல் தடவையாக வாயால் ஒப்புக்கொண்டாள். இது எல்லாருக்கும் வருவதுதான் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். அக்காவின் தோள் அந்த ஒரு வார்த்தையில் இறங்கியதை நான் பார்த்தேன்.

அடுத்து ஒரு மிஷின் கண்ணில் காற்று ஊதியது. ஒரு தடவை ஊதிப் பார்த்தவர் மறுபடி ஊதினார். மறுபடியும். பிறகு எழுந்துபோய் டாக்டரை அழைத்து வந்தார்.

டாக்டர் பெயர் வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர். தமிழ் கேட்டதும் தமிழிலேயே பேசினார். கண்ணில் ஏதாவது மருந்து போடுகிறீர்களா என்று கேட்டார். அக்கா அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தாள். அவர் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"எத்தனை நாளா போட்டுண்டிருக்கேள்?"

"போன வருச மழையிலருந்து."

"தினமுமா?"

"தெனமும்தான் சார். கண்ணு தெளியணும்னு."

அவர் குப்பியை மேஜையில் வைத்தார். திட்டவில்லை. இரண்டு விஷயம் தனித்தனியாகச் சொல்கிறேன், குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று ஆரம்பித்தார். கிட்டத்தில் தெரியாதது ஒரு வியாதியே இல்லை. கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது. சின்ன வயதில் அது இளநீர் வழுக்கை மாதிரி குழைவாக இருக்கும், கிட்டத்தில் பார்க்கும்போது தானே உப்பிக்கொடுக்கும். வயதாக ஆக அது முற்றுகிறது. முற்றின தேங்காயை அமுக்கினால் அமுங்குமா? நாற்பதுக்குமேல் எல்லாருக்கும் அப்படித்தான், பொடி வேலை செய்கிறவர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். கேரட்டும் கீரையும் உடம்புக்கு நல்லது, ஆனால் முற்றியதை இளசாக்காது. கண்ணை உருட்டினாலும் ஆகாது. கண்ணாடி போட்டாலும் நம்பர் ஏறும், போடாவிட்டாலும் ஏறும், அறுபதுக்குக் கிட்டே வந்து தானாக நின்றுவிடும்.

"அப்ப இதத் தடுக்க வழியே இல்லியா சார்?"

"இதைத் தடுக்க முடியாதும்மா. தடுத்திருக்கக் கூடியது இது ஒண்ணுதான்" என்று குப்பியைத் தொட்டுக் காட்டினார்.

சிவப்பை அமுக்குகிற மருந்து அது. டாக்டர் பார்த்துக் கொஞ்ச நாளைக்குத் தருகிற மருந்து. நாள் கணக்கு இல்லாமல் போட்டால் சில பேருக்குக் கண்ணுக்குள் பிரஷர் ஏறும். வலிக்காது, சிவக்காது. உள்ளே இருக்கிற நரம்பு மட்டும் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வரும். எவ்வளவு போயிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்று சீட்டு எழுதினார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனைக்கு ஒரு கிண்ணம் மாதிரி இருந்த மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். சின்னச் சின்ன வெளிச்சம் வரும், பார்த்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு அக்கா டக் டக் என்று அழுத்தினாள். பிறகு வலது கண்ணை மூடி இடது கண்ணுக்கு வைத்தார்கள். அக்கா பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றிரண்டு தடவை அழுத்தினாள். மறுபடி காத்திருந்தாள்.

"லைட்டு வரலயே, மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டாள்.

மிஷின் பக்கத்தில் நின்ற பெண் தன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் திரையில் வெளிச்சங்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. எனக்கு அது தெரிந்தது. எத்தனை வருடமாக அக்கா இடது கண்ணை மூடிக்கொண்டுதான் தன் வேலையைப் பார்த்தாள்! அந்தக் கண் தேய்ந்துகொண்டு வந்ததை அவளே பார்க்க வழியில்லாமல் போயிற்று.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். சயான் தாண்டும்போது, "போனது போனதுதானாமே" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் அன்றைக்கே மெடிக்கல் கடைக்குப் போய்ச் சட்டையைப் பிடித்தார். உங்கள் வீட்டம்மாதான் கேட்டார், நான் கொடுத்தேன், ஓரிரு நாளைக்கு என்று நினைத்தேன், மாசக்கணக்கில் போடுவார் என்று கண்டேனா என்றான் அவன். நாலு பேர் விலக்கிவிட்டார்கள். அக்கா அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவை அடைத்துக்கொண்டாள். கடைக்காரனைவிட அவளுக்குத் தன்மேல்தான் கோபம். கண்ணாடிக்கு வெட்கப்பட்டுக் கண்ணையே கொடுத்துவிட்டேன் என்று பல தடவை சொன்னாள்.

கண்ணாடி வாங்க மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். முதலில் வந்த கண்ணாடியில் பேப்பர் நன்றாகத் தெரிந்தது, புருவம் தெரியவில்லை. மடியில் வைத்துப் படிக்கிற தூரத்துக்கு அளவெடுத்திருந்தார்கள். அக்காவின் தூரம் அதைவிடக் கிட்டே. திரும்பப் போனபோது அங்கே ஷைஸ்தா என்ற பெண் கவுண்டரில் இருந்தாள். எவ்வளவு கிட்டே வைத்து வேலை செய்வீர்கள் என்று ஹிந்தியில் கேட்டாள். சொல்லத் தெரியாமல் அக்கா பையிலிருந்து நூலை எடுத்துப் பல்லில் கடித்து, ஷைஸ்தாவின் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

அந்தப் பெண் மிரண்டு, "ஆண்ட்டி, புருவத்தை எடுத்துடாதீங்க, வீட்டுல கொன்னுடுவாங்க" என்றாள் ஹிந்தியிலேயே. பிறகு சிரித்துக்கொண்டே அளவு டேப்பை அக்காவின் கண்ணிலிருந்து தன் நெற்றிவரை என்னைப் பிடிக்கச் சொன்னாள். அந்த அளவுக்குச் செய்து வந்த கண்ணாடியைப் போட்டதும் அக்கா என் முகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். கடைசியில், "ஏட்டி, உனக்கு மீசை இருக்கு" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் வாயில் வந்த முதல் கேலி அது.

கண்ணாடியோடு பார்லரைத் திறக்குமுன் அவள் ஒரு வேலை செய்தாள். அடுத்த கல்லிக்குப் போய் மீனாட்சியம்மாளின் நாற்காலியில் உட்கார்ந்து, தன் புருவத்தை எடுத்துவிடச் சொன்னாள். வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அந்த அம்மாள் தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நூலைக் கடித்தார். முடித்ததும் அக்காவின் முகத்தைத் துடைத்துவிட்டு, "எனக்கு முப்பத்தொம்பதுல வந்துது. ஒனக்குக் கொஞ்சம் பிந்தி வந்திருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றார். பிறகு, "அன்னைக்கி நீ அந்தப் பேச்சு பேசாம இருந்திருந்தா, கண்ணு மங்குனப்பவே எங்கிட்ட வந்து கேட்டிருப்ப" என்றும் சொன்னார். அக்கா தலை குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் மனம் ஆறிச் சொன்னாரா, ஆறாமல் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு வருடம் ஓடிவிட்டது. பழைய மருந்தை நிறுத்தியும் பிரஷர் முழுக்க இறங்கவில்லை. அதை அடக்க வேறு சொட்டு மருந்து காலையும் மாலையும் போடுகிறாள். கீதா சீட்டைப் படித்து, நேரம் பார்த்துப் போட்டுவிடுகிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். வலது கண் சரியாக இருக்கிறது. இடது கண்ணில் ஓரம் போனது போனதுதான், நடுப்பகுதி இருக்கிறது, அது இப்படியே நிற்கும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. ரோடு கடக்கும்போது யாராவது அவளுக்கு இடது பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது. புருவ வேலை நடக்கிறது, முன்பு இருந்த கூட்டத்தில் பாதி வருகிறது. வந்தனா வரவில்லை.

எனக்கும் போன மாதத்திலிருந்து மருதாணிக் கூம்பின் நுனி மங்கலாகத் தெரிகிறது. ஷைஸ்தாவின் கடையில் கண்ணாடிக்கு அளவு கொடுத்திருக்கிறேன்.